ஃபோர் வீலு ஃபோர் வீலுன்னு ஏன்யா உசுர வாங்கறீங்க?

டிஸ்கி: நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கிறவங்க சனிக்கிழமை வந்து படிங்க. வண்டி வச்சிருக்கிற யாரையும் மனசுல வச்சு எழுதலை. வண்டியைப் பத்தி அறிவுரை சொல்ற அத்தனை பேரையும் மனசுல வச்சுத்தான் எழுதறேன் :-)

மலைக்குப் போகணும்னா ஃபோர் வீல் டிரைவ் இல்லாம போகவே கூடாதுன்னு இனிமே யாராவது எங்கிட்ட சொன்னா, பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன். "அண்ணே, உங்க வண்டியில கியர் ராடு பக்கத்துல இன்னொரு குட்டி ராடு இருக்கே, அதைக் கடைசியா எப்ப தொட்டீங்க?" இதுவரைக்கும் நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன். ஒருத்தர் சிரிச்சார். ஒருத்தர் பேச்சை மாத்தினார். மூணாவது ஆள் வண்டியில அது ராடு இல்லை, திருகுற பித்தானாம். அதைத் திருகினா வாரண்டி போயிடுமோன்னு பயமா இருக்காம். நாலாவது ஆள் இன்னும் பதில் சொல்லலை. சாட்ல பச்சை விளக்கு மட்டும் எரியுது.

இந்த லட்சணத்துல ஊருக்கே உபதேசம்.

விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். நாங்க அஞ்சு பேர், புதுச்சேரியில ஒண்ணா இன்ஜினியரிங் படிச்சு இப்ப பொட்டி தட்டிப் பொழைக்கிறவங்க. ரெண்டு வருஷமா மாசத்துல ரெண்டு சனிக்கிழமை கல்வராயன் மலைக்குப் போறோம். வெள்ளிமலை தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். பத்தாவது எழுதப் போற பிள்ளைங்களுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித் தர்றோம். சேவை அது இதுன்னு பெரிய பேரெல்லாம் வைக்க வேண்டாம். பதினாலு பிள்ளைங்க, ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். இத்தனை நாளா நண்பன் வீட்டுச் சின்ன காருல கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி, கரியாலூர் வழியா வெள்ளிமலை ஏறி, அங்கேர்ந்து ஒரு வாடகை ஜீப் பிடிச்சுப் போயிட்டிருந்தோம். மழைக் காலம் வந்தா ஜீப்காரர் அந்தப் பக்கம் வர மாட்டேங்கறார், அவர் பொழப்பு அவருக்கு. போன ஐப்பசி, கார்த்திகையில மட்டும் மூணு வகுப்பு போச்சு. மார்ச்சுல பரீட்சை. அதனால ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆறு லட்சத்துக்குள்ள ஒரு பழைய வண்டி வாங்கிடலாம்னு முடிவு பண்ணினோம்.

அதை நாலு பேர்கிட்ட வாயைத் திறந்து சொன்னதுதான் தாமதம். சொந்தச் செலவுல சூனியம்னா இதுதான். ஆளாளுக்கு ஒரு வண்டி. "டெல்லி ஃபார்ச்சூனர் வாங்கு, சும்மா தர்றான்." "பஞ்சாப் பக்கத்துலேர்ந்து மாடிஃபை பண்ணின ஜீப் இறக்கு, சிங்கம் மாதிரி நிக்கும்." "தாரை விட்டா வேற வண்டி ஏது?" இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, சொல்ற அத்தனை பேரும் புதுச்சேரிக்காரங்க. எங்க ஊர்ல மலையே கிடையாது சாமி. நகரத்துல இருக்கிறதுலயே பெரிய ஏத்தம் கோரிமேடு. அதையும் ஜிப்மர் போற பாட்டிங்க நடந்தே ஏறிடறாங்க.

சரி, நக்கல் போதும். கணக்குக்கு வருவோம்.

எங்க போக்குவரத்துத் தூரத்துல தார் ரோடு இல்லாத பகுதி எவ்வளவுன்னு பார்த்தா, போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. மிச்சமெல்லாம் தார். மலைப்பாதையும் தார்தான். இந்தத் தார் போட்ட மலைப்பாதையில ஃபோர் வீல் டிரைவ் உங்களுக்கு ஒரு புல்லையும் புடுங்காது. புடுங்காதுங்கறதைவிட, கெடுதல் பண்ணும். ஜீப், ஜிப்சி, தார் எல்லாத்துலயும் இருக்கிறது பார்ட் டைம் ஃபோர் வீல். முன் அச்சையும் பின் அச்சையும் நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாம நேரடியாப் பூட்டிடுவாங்க. வளைவுல திரும்பும்போது முன் சக்கரம் போற தூரம் அதிகம், பின் சக்கரம் போற தூரம் கம்மி. மண்ணுலயோ சேத்துலயோ சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளிச்சுக்கும். காய்ஞ்ச தார் ரோட்டுல வழுக்க முடியாது. அந்த முறுக்கு முழுசும் டிரான்ஸ்ஃபர் கேஸ்லயும் ஆக்ஸில்லயும் ஏறும். ஸ்டியரிங் இறுகும், டயர் கீச்சுன்னு கத்தும், ஒரு நாள் உள்ளே எதாவது உடையும். ஓனர்ஸ் மேனுவல்லயே போட்டிருக்கும். அதை யார் படிக்கிறா?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. தினம் அரசு பஸ் ஏறி இறங்குது. பின் அச்சு மட்டும்தான் இழுக்குது. உள்ளே ஆளு, மூட்டை, கோழி எல்லாம் இருக்கும். வால்பாறைக்கு 40 வளைவு, அங்கேயும் அதே கதை. மலை ஏறத் தேவை நாலு சக்கர இழுவைன்னா இந்த பஸ்ஸெல்லாம் எப்படிப் போகுது? டிரைவர் அண்ணன் சரியான கியர்ல போறார். அவ்வளவுதான்.

இறங்கறது அதைவிட முக்கியம், அதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. வண்டி ஏறலைன்னா நிக்கும். நிக்கலைன்னா பள்ளம். எத்தனை சக்கரம் இழுத்தாலும் பிரேக் என்னமோ நாலு சக்கரத்துக்கும்தான், சின்ன காருக்கும் அதேதான். வண்டி எடை கூடக்கூட அந்தப் பிரேக் பாடுதான் திண்டாட்டம். மசினகுடி ஊட்டி கல்லட்டிப் பாதையில 36 வளைவு. 2018ல ஒரு கார் பள்ளத்துல விழுந்து உயிர்ப்பலி ஆனப்புறம், வெளியூர் வண்டி அந்த வழியா இறங்கக் கூடாதுன்னு தடையே போட்டாங்க. ஏறத் தடை இல்லை, இறங்கத்தான் தடை. அதுலேர்ந்தே புரிஞ்சுக்க வேண்டாமா? எந்தக் கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்குன்னு நம்ம லாரி டிரைவருங்க சொல்றது பழங்கதை இல்லை, பௌதிகம். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல என்ஜினை ஆஃப் பண்ணி விடற புண்ணியவான்கள் இன்னும் இருக்காங்க. என்ஜின் நின்னா பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் வராது. ரெண்டு மூணு மிதிக்கப்புறம் பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சற சாமான், பழசானா சூட்டுல கொதிச்சு ஆவியாகி, மிதிச்சா பெடல் சும்மா கீழே போகும். அப்ப உங்க ஃபோர் வீல் பேட்ஜைப் பிடிச்சுத் தொங்க வேண்டியதுதான்.

ஆக, பழைய வண்டி வாங்கினா முதல் செலவு பிரேக் ஆயிலும் டயரும்தான். டயர் பக்கவாட்டுல ஒரு முட்டைக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். பட்டன் ஆழமா இருக்குன்னு சொல்லிப் பத்து வருஷ டயரைத் தலையில கட்டுவாங்க. பட்டன் ஆழமாத்தான் இருக்கும், வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்தாத்தானே தேயறதுக்கு?

இப்ப அந்த ஆறு கிலோமீட்டருக்கு வருவோம். இங்கே எனக்கும் ஃபோர் வீல் டிரைவ் வேணும். அதை நான் மறுக்கவே இல்லை. பாறை, செம்மண், நடுவுல ஒரு ஓடை, அதைத் தாண்டினதும் செங்குத்தா ஒரு ஏத்தம். மழையில அந்த ஏத்தம் சோப்புத் தண்ணி ஊத்தின மாதிரி இருக்கும். இங்கே வேண்டியது வேகம் இல்லை, குதிரைச் சக்தி இல்லை. லோ ரேஞ்ச். அந்தக் குட்டி ராடுல லோன்னு ஒரு இடம் இருக்கே, அது. பழைய ஜீப்புல லோ போட்டா இழுவை சுமார் ரெண்டரை மடங்கு ஆகும், வேகம் அதே அளவு குறையும். கிளட்ச்சை அரைக்காம, ஆக்சிலேட்டர் மிதிக்காம, வண்டி எருமை மாதிரி நடந்து ஏறும். இறங்கும்போதும் அதே எருமை நடைதான், பிரேக்கையே தொட வேண்டாம். லோ ரேஞ்ச் இல்லாத நாலு சக்கர இழுவை வண்டிங்க இருக்கு. டஸ்டர் ஆல் வீல் நல்ல வண்டி, 2014ல வந்தது, முதல் கியரைக் குட்டையா வச்சு சமாளிச்சாங்க. ஈரமான ரோட்டுக்கு, மணலுக்கு அருமை. எங்க பாறைக்கு ஆகாது.

இன்னொரு மேட்டர். நாலு சக்கரமும் இழுக்குதுன்னு சொல்றோமே, உண்மையில ஓப்பன் டிஃபரன்ஷியல் வண்டியில முன்னாடி ஒண்ணும் பின்னாடி ஒண்ணும் அந்தரத்துல தொங்கினா, அந்த ரெண்டும் சும்மா சுத்தும், தரையில இருக்கிற ரெண்டும் வேடிக்கை பார்க்கும். டிஃபரன்ஷியல் லாக் இருந்தாத்தான் விமோசனம். 2013ல வந்த ஃபோர்ஸ் கூர்க்காவுல முன்னும் பின்னும் லாக் உண்டு. மஹிந்திரா தார் பழைய மாடல்ல 2015 மாற்றத்துக்கு அப்புறம் பின் அச்சுல தானா பூட்டிக்கிற லாக் வந்தது. அதுக்கு முந்தின வண்டிகள்ல நம்ம கண்ணும் மூளையும்தான் லாக். எந்தக் கல்லுல சக்கரத்தை வைக்கணும்னு இறங்கிப் பார்த்துட்டு ஏறணும்.

இதையெல்லாம் யார்கிட்ட கத்துக்கணும்னா, சூரியநெல்லியில நில்லுங்க. அங்கேர்ந்து கொழுக்குமலைக்குப் போற ஜீப்புங்களைப் பாருங்க. கொழுக்குமலை நம்ம தேனி மாவட்டம், வண்டிப் பாதை மட்டும் கேரளா பக்கமா. பாதைன்னு சொல்றது மரியாதைக்கு, பாறையை உருட்டி விட்ட மாதிரி இருக்கும். அதுல விடிகாலையில சூரியோதயம் பார்க்க வர்ற கூட்டத்தை ஏத்திக்கிட்டு வரிசையாப் போறது என்ன வண்டி? பழைய மஹிந்திரா ஜீப்புங்க. மேஜர், கமாண்டர், எம்.எம். 540. ஃபார்ச்சூனர்ல வந்த டூரிஸ்டு வண்டியைக் கீழே நிறுத்திட்டு ஜீப்புல ஏறிப் போறார். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்லேர்ந்து 3,636 மீட்டர் உயர சந்தக்ஃபூவுக்கு 1950கள்ல வந்த லேண்ட் ரோவர்களை வச்சே பல தலைமுறையா வண்டி ஓட்டினாங்க. அங்கே யாரும் பூட் ஸ்பேஸ் கேக்கலை, சன் ரூஃப் கேக்கலை. உள்ளூர் மெக்கானிக் சரி பண்ணக்கூடிய வண்டியான்னு மட்டும்தான் கேட்டாங்க.

எம்.எம். 540ன்னதும் ஒரு கிளைக்கதை. 1947ல வில்லிஸ் ஜீப்பை உதிரியாக் கொண்டு வந்து பூட்டினதுலதான் மஹிந்திரா வண்டிக் கதையே ஆரம்பம். 80கள்ல வந்த இந்த 540க்குள்ள இருந்தது புஷோ டீசல் என்ஜின், பிரெஞ்சுக் கம்பெனியோடது. பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பர் 1ஆம் தேதி எங்க ஊரை ஒப்படைச்சுட்டுக் கிளம்பிட்டான், என்ஜின் மட்டும் மலையில இன்னும் ஓடிட்டிருக்கு. தெருப் பேரை எல்லாம் 'ரூ'ன்னு போட்டுப் பழகின எங்க ஊர் மெக்கானிக்கே அதை 'பியூஜெட்'டுன்னுதான் சொல்றார். ஆனா காதுல கேட்டே எந்த இன்ஜெக்டர் ஒழுங்கா அடிக்கலைன்னு சொல்லிடுவார்.

இப்ப சிபாரிசு வந்த வண்டிங்களை ஒவ்வொண்ணா அடிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

டெல்லி ஃபார்ச்சூனர். பத்து வருஷத்துக்கு மேல ஆன டீசல் வண்டி டெல்லியில ஓடக் கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018ல உச்ச நீதிமன்றமும் அதை ஏத்துக்கிட்டது. அதுக்கப்புறம்தான் அங்கேர்ந்து தெக்கே இந்த வண்டிங்க வெள்ளம் மாதிரி வந்தது. விலை மலிவுதான். ஆனா தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே மறுபடி பதிவு பண்ணி, ஆயுள் வரி கட்டி முடிக்கும்போது அந்த மலிவு எங்கே போச்சுன்னு தேடணும். அதை விடுங்க. வண்டி அகலம் 1.85 மீட்டர், எடை ரெண்டு டன்னுக்கு மேல. எங்க மலைக் கிராமப் பாதை ஒரு மாட்டு வண்டி அகலம். எதிர்ல பால் வண்டி வந்தா யார் ரிவர்ஸ் எடுக்கிறது? இஞ்சக்‌ஷன் பம்ப் போச்சுன்னா நம்ம ஆறு லட்சத்துல எத்தனை மிஞ்சும்? பணக்காரன் புதுசா வாங்கறப்ப பணக்கார வண்டி, நாம பழசா வாங்கினாலும் அதோட ஸ்பேர் பார்ட்ஸ் பணக்கார வண்டியாவேதான் இருக்கும்.

ஹரியானா மண்டி டப்வாலி பக்கத்து மாடிஃபை ஜீப். படத்துல பார்த்தா எனக்கும் எச்சில் ஊறுது. ஆனா அதோட ஆர்.சி. ஒரு வண்டி, என்ஜின் ஒரு வண்டி, கியர் பாக்ஸ் ஒரு வண்டி, பாடி லேத்துப் பட்டறை. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியோட அடிப்படையை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. செக்போஸ்ட்ல பிடிச்சா ஒரு வழி, விபத்து ஆச்சுன்னா வேற வழி. இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல தேடற ஓட்டையே இதுதான். நாலு பிள்ளைங்களை ஏத்திட்டு ஆஸ்பத்திரி போக வேண்டிய நிலைமை வந்தா இந்த வண்டியில ஏத்துவீங்களா? நான் ஏத்த மாட்டேன்.

தார். இதுல ஒரு பெரிய குழப்பம். புது தார் 2020 அக்டோபர்ல வந்தது. 2023 ஜனவரியிலேர்ந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் விக்கறாங்க. பார்க்க ரெண்டும் ஒண்ணு. செகண்ட் ஹேண்ட் சந்தையில "தார் சார், எங்கே வேணா ஏறும் சார்"னு சொல்றவனுக்கே அது எதுன்னு தெரியலை. இதைச் சும்மா சொல்லலை, ஒரு புரோக்கர் எங்களுக்குக் காட்டின வண்டியில குட்டி ராடே இல்லை. "உள்ளே ஆட்டோமேட்டிக்கா இருக்கு சார்"னார். அவ்வ்வ்வ். எப்படியும் ஃபோர் வீல் புது தார் எங்க ஆறு லட்சத்துக்குள்ள வராது. அதுக்கு முந்தின தார், அதாவது 2010லேர்ந்து வந்தது, அது யோசிக்க வேண்டிய வண்டி. கரடுமுரடு, கேன்வாஸ் கூரைக்குள்ள மழை வரும், நெடுஞ்சாலையில காது போயிடும். ஆனா இரும்பு.

ஜிப்சி. இதைப் பத்தித் தப்பாப் பேசினா நானே சண்டைக்கு வருவேன். 1985ல வந்தது, முதல்ல 970 சி.சி., 1996ல 1.3 லிட்டர், 2000ல எம்.பி.எஃப்.ஐ. வந்து 80 குதிரை. 2019ல பொதுமக்களுக்கு விக்கறதை நிறுத்திட்டாங்க. எடை ஒரு டன் கிட்டத்தான். அகலம் ஒண்ணரை மீட்டர் சொச்சம். சேத்துல மாட்டினா நாலு பேர் தள்ளி எடுத்துடலாம், ஃபார்ச்சூனரைத் தள்ள ஊரையே கூப்பிடணும். சேத்துல எடையைவிடப் பெரிய எதிரி கிடையாது, ஜிப்சி ஜெயிக்கிறதே அதனாலதான். ஆனா அஞ்சு பேர் மூணு மணி நேரம் போக அது வண்டி இல்லை, தண்டனை. பின்னாடி எதிரெதிர் பெஞ்சு, இலை ஸ்பிரிங், முதுகு போயிடும். ராணுவ ஏலத்துல வந்த ஜிப்சின்னு சொல்லி விக்கறதுல பாதிக்குக் காகிதம் சரியா இருக்காது. நான் பார்த்த ஒண்ணுல சேசிஸ் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல வெல்டிங் இருந்தது. சிரிச்சுக்கிட்டே எஸ்கேப் ஆயிட்டோம்.

யாரும் சொல்லாத வண்டி ஒண்ணு இருக்கு. பொலீரோ ஃபோர் வீல் டிரைவ். ஆமாம், அந்த டப்பா பொலீரோதான், பி.டி.ஓ. ஆபீஸ் வண்டி. 2000லேர்ந்து ஓடற வண்டி, ஒரு காலத்துல லோ ரேஞ்சோட ஃபோர் வீல் மாடலும் வித்தாங்க. ஸ்டைல் இல்லை, அதனால ஒரு பயலும் சீந்த மாட்டேங்கறான், எங்களுக்கு அதுதான் லாபம். வெள்ளிமலைச் சந்தைக்குச் சரக்கு ஏத்தற பிக்கப் பூராவும் அந்தக் குடும்பத்து வண்டிதான். கச்சிராயபாளையத்துல கடை வச்சிருக்கிற மெக்கானிக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கிளட்ச் பிளேட் மாத்திடுவார். என் ஓட்டு முதல்ல இதுக்கு. கிடைக்கலைன்னா பழைய தார். ரெண்டு பேர் மட்டும் போறதா இருந்தா ஜிப்சி.

எந்த வண்டியானாலும் ஃபோர் வீல் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பாருங்க மக்களே. பல பேர் சத்தம் வருது, மைலேஜ் போகுதுன்னு முன் புரொப்பலர் ஷாஃப்ட்டையே கழட்டிப் பரண்ல போட்டிருப்பாங்க. குனிஞ்சு வண்டிக்கு அடியில பாருங்க, டிரான்ஸ்ஃபர் கேஸ்லேர்ந்து முன்னாடி ஒரு தண்டு போகணும். ஜிப்சி மாதிரி வண்டியில முன் சக்கர ஹப் லாக் ஆகுதான்னும் பாருங்க. அப்புறம் மனைக்கட்டுல கொட்டி வச்சிருக்கிற மணல்ல ஓட்டிப் பார்த்தா உண்மை தெரிஞ்சிடும்.

எங்க ஊர்க்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. துரு. மொட்டை மாடியில துணி காயப்போடற கம்பியே ரெண்டு வருஷத்துல இத்துப்போற ஊர் இது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் கடலைப் பார்த்து நின்ன வண்டியோட சேசிஸ் எப்படி இருக்கும்? மேலே பெயிண்ட் பளபளன்னு இருக்கும். அடியில புதுசா கறுப்புக் கோட்டிங் அடிச்சிருந்தா இன்னும் சந்தேகப்படுங்க. ஸ்பிரிங் மாட்டற இடம், பாடி உட்கார்ற இடம், ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டுங்க. டங்குன்னா சரி, பொத்துன்னா கிளம்புங்க. மலையில சேசிஸ் முறுக்கற முறுக்குக்கு அந்த இடத்துலதான் விரிசல் விடும்.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் 30, டிசம்பர் 1ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல கொட்டித் தீர்த்தது. ராணுவம் வந்து ஆளுங்களைப் படகுல ஏத்தின நாள். அன்னிக்கு எத்தனை வண்டி முழுகிச்சு, அதெல்லாம் இப்ப எங்கேன்னு யோசிங்க. 2015, 2023ல சென்னையில முழுகினதும் இதே சந்தைக்குத்தான் வந்தது. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பாருங்க, அடிப்பகுதியில சேத்துக் கறை இருந்தா அது பொய் சொல்லாது. கார்ப்பெட்டைத் தூக்குங்க, டாஷ்போர்டு அடியில விரலை விட்டுத் தேயுங்க.

அப்புறம் பி.ஒய். போர்டு மோகம். இங்கே வரி கம்மின்னு வெளி மாநில ஆளுங்க எல்லாம் எங்க ஊர்ல வீடு இருக்கிறதா முகவரி கொடுத்து வண்டி பதிஞ்சது 2017ல கேரளாவுல பெரிய விவகாரமாகி வழக்கு வரைக்கும் போச்சு. அதனால பி.ஒய். வண்டி வாங்கறவங்க ஆர்.சி.யில இருக்கிற முகவரியில உண்மையிலேயே ஒரு வீடு இருக்கான்னு ஒரு நடை பார்த்துட்டு வாங்க. ஊர் சின்னதுதானே, சைக்கிள்லயே போயிடலாம். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டின்னா பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000 ரூபாய், இருபது வருஷம் தாண்டினா 2025 ஆகஸ்ட்லேர்ந்து அது 10,000. பேரம் பேசும்போது இதையும் கழிச்சுக்கணும்.

இவ்வளவு நேரம் இரும்பைப் பத்திப் பேசிட்டேன். எனக்கு உண்மையில எரியறது வேற இடத்துல.

எங்க பாதையில ஒரு ஓடை இருக்குன்னேன் இல்லையா. போன தை மாசம் அங்கே மூணு பெரிய வண்டி. ஸ்டிக்கர், கூரை மேல லைட், கேமரா. ஓடைக்குள்ள இறங்கி மேலயும் கீழயும் ஓட்டிட்டிருந்தாங்க, தண்ணி சீறியடிக்கிற படம் வேணுமாம். அந்த ஓடைக்குக் கீழே இருநூறு அடியில ஊத்து. ஊர்ப் பெண்கள் அதுலதான் குடிதண்ணி எடுக்கறாங்க. அன்னிக்கு மதியம் வரைக்கும் செம்மண் குழம்பு. ஒரு அம்மா குடத்தோட கரையில உட்கார்ந்து தெளியறதுக்காகக் காத்துட்டிருந்தாங்க. திட்டக்கூட இல்லை. "முடிச்சுட்டுப் போயிடுவாங்க சார்"னு எங்கிட்ட சொன்னாங்க. அதுல ஒரு வண்டி சேத்துல உட்கார்ந்தப்ப கயிறு கட்டி இழுத்து விட்டது யாரு? அதே ஊர் ஆளுங்கதான். காசு கொடுத்தாங்களான்னு நான் கேக்கலை, கேட்டிருந்தா அங்கேயே கைகலப்பு ஆயிருக்கும்.

இதைச் சொன்னா "பாஸ், அது ஒரு ஹாபி, ஃபீல் பண்ணாதீங்க"ங்கறாங்க. ஹாபியா இருக்கட்டும். அதுக்குன்னு காசு கட்டி ஓட்டற தனியார் மைதானம் இருக்கு, அங்கே போய் உருண்டு புரளுங்க. அடுத்தவன் குடத்துக்குள்ள ஏன் வண்டி ஓட்டறீங்க?

2023 மே மாசம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில ஒண்ணரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடிச்சது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போச்சு. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல வர முடியாம நின்னு, பெத்தவ பிள்ளையோட உடலைக் கையில தூக்கிட்டு மலை ஏறினா. பேப்பர்ல எல்லாரும் படிச்சதுதான். தர்மபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு ஓட்டு மெஷின் கழுதை மேல போன படத்தையும் பார்த்திருப்பீங்க, பார்த்துச் சிரிச்சிருப்பீங்க. ஓட்டு மெஷினுக்குக் கழுதை கிடைச்சது, கர்ப்பிணிக்கு டோலிதான். கல்வராயன் மலைப் பக்கம் அடிப்படை வசதி இல்லைன்னு 2024ல சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்து, ரோட்டைப் பத்தியும் கேள்வி கேட்டது. இந்தப் பக்கம் நீதிமன்றம் ரோடு எங்கேன்னு கேக்குது, அந்தப் பக்கம் நம்ம ஆளு ரோடு இல்லாத இடம் எங்கேன்னு தேடிக்கிட்டு இருபது லட்ச ரூபாய் வண்டியில அலையறான். அவனுக்குக் கரடுமுரடு ஒரு ஞாயித்துக்கிழமை சமாச்சாரம். அங்கே இருக்கிறவங்களுக்கு அதுதான் வாழ்க்கை.

"அப்ப நீ மட்டும் ஏன் ஃபோர் வீல் வாங்கறே, ரோடு போடச் சொல்லிப் போராட வேண்டியதுதானே"ன்னு பின்னூட்டத்துல வரப் போறது எனக்குத் தெரியும். மனு கொடுத்தாச்சு. ஊர்ல எழுபது கையெழுத்து. வனத்துறை அனுமதி, ஒன்றிய நிதின்னு ஃபைல் போயிட்டிருக்கு. ரோடு வந்தா அன்னிக்கே இந்த வண்டியை வித்துட்டுப் பழையபடி சின்ன காருல போவோம், அதைவிட எங்களுக்கு என்ன வேணும்? அதுவரைக்கும் மார்ச்சுல பரீட்சை எழுதற பதினாலு பிள்ளைங்க காத்துட்டிருக்க முடியாது. ஓடையிலயும் நாங்க நேரா இறங்க மாட்டோம். ஊர்க்காரங்க கல்லு அடுக்கிக் கொடுத்திருக்கிற ஒரே இடத்துல, லோவுல, நடக்கிற வேகத்துல தாண்டுவோம். தண்ணி அதுக்கு மேல போனா வண்டியைக் கரையில விட்டுட்டு நடை. ஒண்ணரை கிலோமீட்டர்தான், கரும்பலகை ஏற்கனவே அந்தப் பக்கம் இருக்கு.

ஆகவே மக்களே, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி பக்கம் யாராவது பொலீரோ ஃபோர் வீல் டிரைவ் விக்கறதா தெரிஞ்சா சொல்லுங்க. ஒரே ஓனர்னா ரொம்ப நல்லது, கலர் எதுவானாலும் பரவாயில்லை, ஏ.சி. இல்லைன்னாலும் சரி. முன் புரொப்பலர் ஷாஃப்ட் பரண்ல இருந்தா அதையும் சேர்த்து இறக்கித் தரணும். புரோக்கர்கள் தயவுசெய்து வேண்டாம். ஃபார்ச்சூனர்னு யாராவது பின்னூட்டம் போட்டா பப்ளிஷ் பண்ண மாட்டேன் :-)